ஒரே மனிதர் சேர்த்தது

"இவ்வளவும் ஒரே மனிதர் சேர்த்தது." ஹைதராபாத் சாலார் ஜங் மியூசியத்துக்குத் தமிழ்க் குழுக்களைக் கூட்டிப் போகும்போது என் பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும். கைடு வேலைக்கு வந்த நாளிலிருந்து காதில் விழுந்த வாசகம். நான் கட்டியது அல்ல.

முக்காடிட்ட ரெபேக்கா சிலை முன்னால் ஒரு அம்மா என்னை நிறுத்தினார். பளிங்கு முக்காட்டுக்குள்ளே கண்ணும் மூக்கும் தெரிவதை எல்லோரும் பார்த்து வியக்கிற இடம் அது. அவர் வேறு கணக்கில் இருந்தார்.

"தம்பி, சிலையை 1876-ல ரோமில் வாங்கினதா சொன்னீங்க. எல்லாம் சேர்த்த மூன்றாம் சாலார் ஜங் 1889-ல பிறந்ததாவும் சொன்னீங்க. அப்போ வாங்கினது யாரு?"

"அவரோட தாத்தாதான்மா. முதலாம் சாலார் ஜங்."

"அப்புறம் எப்படி ஒரே மனிதர்?"

"தாத்தா வாங்கினதும் கடைசியில பேரன் கைக்குத்தானேம்மா வந்தது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "எங்க வீட்டிலயும் அப்படித்தான். அப்பா வாங்கின நிலத்தை அண்ணன் சம்பாதிச்சதாத்தான் ஊர்ல பேசறாங்க." சண்டைக்குச் சொன்ன மாதிரி இல்லை. மணி அடிக்கும் நேரம் ஆகிவிட்டதால் மற்றவர்கள் இசைக் கடிகாரத்துக்கு விரைந்தார்கள். இவர் மட்டும் தாத்தாவின் படத்தைப் பார்க்கிறேன் என்று நிறுவனர் கூடத்துக்குத் திரும்பிப் போனார்.

என் பதில் பொய்யில்லை. மூன்றாம் சாலார் ஜங், மீர் யூசுஃப் அலி கான், 1912-ல் ஹைதராபாத் மன்னரான நிஜாமின் திவான், அதாவது முதன்மை அமைச்சர் ஆனவர். 1914-லேயே பதவியை விட்டார். அதன் பிறகு 1949-ல் சாகும்வரை பொருள் சேர்ப்பதே வாழ்க்கை. திருமணம் செய்துகொள்ளவில்லை. தாத்தா சொத்தை விற்றுத் தின்ற வாரிசுகள் ஊருக்கு ஊர் உண்டு. இவர் பல மடங்கு பெருக்கினார். அப்படிப்பட்டவரை 'ஒரே மனிதர்' என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த நிறுவனர் கூடத்தில் நிற்கும்போது நியாயம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. கடிகாரத்துக்கு நேரமாகிவிடும் என்று நான் வழக்கமாக அவசரமாகக் கடக்கிற இடம் அது. தாத்தா, அப்பா, பேரன் என்று உருவப்படங்கள், அவர்கள் புழங்கிய பொருள்கள். தாத்தா முப்பது வருடம் திவானாக இருந்து 1883-ல் இறந்தார். பேரன் பிறந்தது அதற்கு ஆறு வருடம் கழித்து. அப்பா, இரண்டாம் சாலார் ஜங், மகன் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். தாத்தாவின் முகம் நம்மைப் போலவே பேரனுக்கும் படத்தில் பார்த்த முகம்தான். அப்பாவின் முகமும் நினைவில் நின்றிருக்காது. அவர்கள் விட்டுப்போன பொருள்களுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைக்கு மேலும் மேலும் சேர்க்கத் தோன்றியது ஏன் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. அதைக் குழுவிடம் சொல்வதில்லை. வெறும் ஊகத்தைத் தகவல் மாதிரி சொல்ல எனக்கு உரிமை இல்லை.

சரி, சேர்த்தவர் யார் என்பது ஒரு கேள்வி என்றால், கொடுத்தவர் யார் என்பது இன்னொன்று. மூன்றாம் சாலார் ஜங்குக்கு நேரடி வாரிசு இல்லை. 1951 டிசம்பர் 16 அன்று குடும்பத்தின் திவான் தேவ்டி மாளிகையில் நேரு மியூசியத்தைத் திறந்துவைத்தபோது அவர் உயிரோடு இல்லை. உறவினர்கள் சமரசத்துக்கு வந்து, 1958-ல் உயர் நீதிமன்ற ஆணைப்படிதான் சேகரிப்பு அரசுக்குப் போனது. மியூசியத்துக்கான நாடாளுமன்றச் சட்டம் 1961-ல் வந்தது. பங்கு பிரித்து ஏலத்தில் விட்டிருந்தால் ரெபேக்கா இன்று எந்த நாட்டில் இருப்பாளோ. அந்த உறவினர்களுக்கு என் பேச்சில் இடமே இல்லை.

இப்போதெல்லாம் நிதானமாக வரும் குழுவிடம் "மூன்று தலைமுறை" என்கிறேன். அவசரக் குழுவிடம் பழைய வாசகம்தான். அதைச் சொன்னால்தான் நிமிர்ந்து பார்க்கிறார்கள். நிமிர்ந்தால்தான் மற்றதைக் கேட்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். நீதிமன்றம், சமரசம் என்று இரண்டு முறை ஆரம்பித்துப் பார்த்தேன். பாதியிலேயே, "கடிகாரம் எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டுவிட்டார்கள்.