முன்னால் மட்டும் 195

"பின்னாடி டயர் இன்னும் ஓடும்ங்ண்ணா. முன்னாடி மட்டும் 195 போட்டாப் போதும்."

ஸ்விஃப்ட் கார் வைத்திருக்கும் தம்பி டயர் விஷயத்தில் எங்கள் பட்டறையில் கேட்டது அவ்வளவுதான்: முன்னால் மட்டும் 195 மில்லிமீட்டர் அகல டயர். கோவை செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் வளைவுக்குள் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி மூக்கை வெளிப்பக்கமே தள்ளிக்கொண்டு போகிறது, அதைக் குறைக்க வேண்டும். கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) டோவும் (மேலிருந்து பார்த்தால் இரு சக்கரமும் முன்பக்கம் குவிந்தோ விரிந்தோ நிற்கும் அளவு) மாற்றிக் கொடுத்தாயிற்று. டயருக்கு மட்டும் முடியாது என்று சொல்லியாயிற்று. அதற்குச் சொன்ன காரணம் நிற்குமா என்பதில்தான் மனசு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கேம்பர் விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. முன் டயர் இரண்டிலும் வெளித்தோள் மழமழவென்று தேய்ந்து, உள்பக்கப் பட்டன்கள் (ரப்பர் கட்டைகள்) அப்படியே இருந்தன. வளைவில் பாடி சாயும்போது மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த முன்பக்கத் தூண்) அந்தச் சாய்வுக்கு ஈடாகச் சக்கரத்தை உள்ளே சாய்ப்பதில்லை. அதிக பாரம் தாங்கும் வெளிச்சக்கரம் நிமிர்ந்து, பிறகு வெளியே சாய்ந்து, தோளில் நிற்கும். கம்பெனி அமைப்பில் கேம்பர் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும், முறுக்கி மாற்ற வழியும் கிடையாது. அதனால் ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் (சக்கரம் மாட்டும் பாகம்) சேர்க்கும் இரண்டு போல்ட்டில் மேல் போல்ட்டைக் கழற்றி, கோணத்தை மாற்றவிடும் கேம்பர் போல்ட் போட்டு, இரு பக்கமும் மைனஸ் 1.5 டிகிரி, அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய வைத்தது. ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் 0.3 டிகிரிக்கு மேல் வித்தியாசம் விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கலாம். இந்தப் போல்ட் கம்பெனி போல்ட்டைவிட மெலிசு, பெரிய பள்ளத்தில் விழுந்தால் நழுவும். அதனால் முறுக்கியதும் தலையில் பெயின்ட் கோடு போட வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் அந்தக் கோடு விலகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போல்ட் வாங்கக் காசில்லை என்று ஸ்ட்ரட் ஓட்டையை அரத்தால் ராவி நீளமாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலைக்குப் பக்கத்திலேயே போகக் கூடாது.

வரிசை மாறினால் எல்லாம் வீண். முதலில் நாலு டயருக்கும் காற்று. பிறகு சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், அதை ஸ்டீயரிங்கோடு இணைக்கும் டை ராட் எண்ட் எதிலும் ஆட்டம் இல்லை என்று உறுதி. பிறகு பின்சக்கர ரீடிங். அங்கே டார்ஷன் பீம் (இரு பின்சக்கரத்தையும் சேர்க்கும் ஒரே உத்திரம்) என்பதால் ஷிம் (மெல்லிய தகடு) வைத்தாலொழிய எதையும் திருத்த முடியாது, ஆனால் பின்பக்கம் எந்தத் திசையில் தள்ளுகிறது என்று தெரியாமல் முன்பக்கத்தைத் தொடக் கூடாது. அடுத்து கேம்பர். கடைசியாகத்தான் டோ, ஏனென்றால் கேம்பரை நகர்த்தினால் டோவும் கூடவே நகரும்.

தம்பி கேட்டது 2 மில்லிமீட்டர் டோ அவுட் (சக்கரங்கள் முன்பக்கம் விரிந்து நிற்பது). வைத்தது பூஜ்ஜியம். 15 அங்குல ரிம்மில் 1 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 9 நிமிடக் கோணம் (60 நிமிடம் ஒரு டிகிரி). டை ராடில் சின்னத் திருப்பல்தான். ஆனால் அவுட் வைத்த வண்டி வளைவுக்குள் சட்டென்று நுழைந்தாலும், நேர் ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் மூக்கை ஆட்டும். மைனஸ் கேம்பரோடு அவுட்டும் சேர்ந்தால் உள்தோள் கம்பி தெரியும்வரை தேயும், வண்டியைத் தூக்கினாலொழிய அது கண்ணில் படாது. டிராக்குக்கு எப்போதாவது போய், மற்ற நாளெல்லாம் அவிநாசி ரோட்டில் ஓடும் வண்டிக்குப் பூஜ்ஜியமே அதிகம். இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை.

டயரில்தான் பிடித்துக்கொண்டார். இடம் போதுமா என்பது முதல் கேள்வி. இப்போதுள்ள 185/65 R15க்குப் பதில் (அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம்) 195/60 R15 போட்டால் விட்டம் சுமார் ஒரு சதவீதம் குறையும், அது பிரச்சினை இல்லை. அதே ரிம்மில் டயர் உள்ளே 5 மில்லிமீட்டர் தள்ளி வரும். கேம்பர் போல்ட் ஏற்கெனவே டயரின் மேல்பக்கத்தை ஸ்ட்ரட்டை நோக்கிச் சாய்த்துவிட்டது. இரண்டு வைத்தியமும் ஒரே சந்துக்கு அடித்துக்கொள்கின்றன. ஆஃப்செட் குறைந்த ரிம், அதாவது சக்கரத்தை வெளியே தள்ளி உட்கார வைக்கும் ரிம் போட்டால் சந்து கிடைக்கும். பதிலுக்கு ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் கையை இழுக்கும். இந்த வண்டியில் அளந்து பார்த்ததில் டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே விரல் நுழைந்தது. ஆக, இடம் இல்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

பிறகு சொன்னதுதான் அந்தக் காரணம்: "முன்னாடி வழுக்குனா ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தீங்கன்னா போதும் தம்பி, பாரம் முன்னாடி வந்து வண்டி தானா திரும்பிக்கும். முன்னாடி பிடிப்பை ஏத்திப்புட்டு பயத்துல காலை எடுத்தா, பின்னாடி சுத்திக்கிட்டு வரும்."

"அப்ப கேம்பர் வச்சீங்களே, அதும் முன்னாடி பிடிப்பை ஏத்தத்தானுங்ண்ணா?"

அதற்கு உடனே பதில் வரவில்லை. யோசித்தால் பதில் இருக்கிறது. கேம்பரின் பலன் பெரும்பாலும் பாடி நன்றாகச் சாயும் வேகத்தில், காய்ந்த தாரில்தான். மழையில் வண்டி அவ்வளவு சாயாது. அந்தப் பலனும் சுருங்கி, வண்டி பழைய குணத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். டயர் அப்படியல்ல, எல்லா நாளும் வேலை செய்யும். அகலம் கூடினால் ரோட்டில் படும் பரப்பு பெரிதாகக் கூடிவிடாது, காற்று அதே என்றால் தடத்தின் வடிவம்தான் மாறும். ஆனாலும் வளைவில் பக்கவாட்டுப் பிடிப்பு கூடும். முன்னால் புது 195, பின்னால் தேய்ந்த 185 என்று போனால் ஈர ரோட்டில் முதலில் விடுவது பின்சக்கரம்தான். இரண்டு புது டயர் வாங்கினால் பின்னால் போடச் சொல்வதும் இதற்காகத்தான், முன்சக்கர டிரைவ் வண்டியானாலும்.

இதெல்லாம் சரிதான். ஆனால் தேங்கி நிற்கும் தண்ணீரில் அகல டயர்தான் முதலில் மிதக்கும் என்பதும் சரிதான். அப்படியானால் தண்ணீர் கட்டிய ரோட்டில் அந்தப் புது 195 மறுபடி முன்னால்தானே தள்ளும்? புது டயரின் ஆழமான காடி தண்ணீரை வெளியேற்றிவிடும் என்று அதற்கும் பதில் சொல்லலாம். பதிலுக்குப் பதில் அடுக்கிக்கொண்டே போகலாம் என்பதே கொஞ்சம் உறுத்துகிறது. இன்னொன்று: அன்றைக்கே, பின் டயருக்கு 2 பிஎஸ்ஐ காற்றைக் கூட்டி டிராக்கில் பாருங்கள், பின்னால் தடிமனான ஆன்டி ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) கிடைத்தால் அதையும் யோசியுங்கள் என்று சொல்லி அனுப்பியது. அவை இரண்டும் பின்பக்கப் பிடிப்பைக் குறைத்துத்தான் முன்பக்கத்தைத் திருப்புகின்றன. காற்றை இறக்கிக்கொள்ளலாம், பாரைக் கழற்றிவிடலாம். அதுவரைக்கும் வித்தியாசம் உண்டு. டிராக்கிலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது யார் நினைவாகக் காற்றை இறக்குவார்கள்?

பில்லில் எழுதியது: பின் டயர் காடி 3 மில்லிமீட்டர், மாற்றும்போது நாலும் சேர்த்து 195. சட்டப்படி 1.6 வரை ஓடலாம், அதனால் அவர் சொன்ன "இன்னும் ஓடும்" பொய்யில்லை. அதே பின் டயரில் 6 மில்லிமீட்டர் காடி இருந்து, அவர் முன்னால் 195 கேட்டிருந்தால் போட்டுக் கொடுத்திருப்போம் என்றுதான் தோன்றுகிறது. காலை எடுத்தால் சுற்றும் என்ற அந்தப் பேச்சு அப்போது வாயில் வந்திருக்காது.