வ-ஸ-ம

அரபுச் சொற்களில் பெரும்பாலானவை மூன்று மெய்யெழுத்து வேர்களிலிருந்து கிளைப்பவை என்பதற்கு, 'வ-ஸ-ம' என்னும் வேரைவிட அழகான சான்றை நான் கண்டதில்லை. அதன் அடிப்படைப் பொருள் அடையாளமிடுதல். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் ஒட்டகத்தின் கழுத்திலோ கன்னத்திலோ தொடையிலோ பாலைவனக் குலத்தார் இடும் சூட்டுக்குறிக்கு 'வஸ்ம்' என்று பெயர். ஒரு கோடோ ஒரு வளையமோ போதும், மேய்ச்சலில் வழிதவறிய ஒட்டகம் எந்தக் குலத்தாருடையது என்று தெரிந்துவிடும். கோடை முடிந்து பெய்யும் முதல் மழை, வறண்ட மண்ணில் பசும்புல்லால் குறியிடுவதால் 'வஸ்மீ' ஆயிற்று. மழைக்கு மனிதர் இட்ட பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அழகின் குறி முகத்தில் பதிந்தவன் 'வஸீம்'. தலைமுடிக்குச் சாயமேற்றும் அவுரி இலையும் 'வஸ்மா'தான். குறிக்கப்பட்ட காலம் 'மவ்ஸிம்'. காற்றின் திசையறிந்து அரபு மாலுமிகள் பாய்விரித்த அந்தப் பருவத்தின் பெயரே, போர்ச்சுக்கீசியர் வழியாக ஆங்கிலத்துக்குச் சென்று, இன்று நம் வானிலைச் செய்திகளில் 'மான்சூன்' என்று ஒலிக்கிறது.