முறுக்கத்தை அளந்து வடிவமைத்த டூரிங் கார் சேசிஸ்

பத்தில் ஒரு பங்கு அளவிலான, ரேடியோவால் இயக்கும் மின்சார ஆர்.சி. டூரிங் காருக்குச் சொந்தமாக ஒரு சேசிஸ், அதாவது மற்றப் பாகங்களைத் தாங்கும் அடிச்சட்டகம், வடிவமைக்க வேண்டும் என்ற விருப்பம் எனக்கு நெடுநாளாக இருந்தது. சந்தையில் கிடைக்கும் கார்கள் மிக நன்றாகவே செய்யப்பட்டவை. ஆனால் நான் ஓட்டும் தார்ப்பரப்பு தூசி படிந்தது. அங்கே டயரின் பிடிப்பு குறைவு. அத்தகைய பரப்பில் கார் வளைவுக்குள் நுழையும் விதத்தை எந்த அளவுக்கு ஸ்பிரிங்குகள் தீர்மானிக்கின்றன, எந்த அளவுக்கு அடித்தட்டு தீர்மானிக்கிறது என்பதைத் தட்டை நானே வரைந்து, வெட்டி, அளந்து பார்த்தால்தான் அறிய முடியும் என்று தோன்றியது. ஆகவே சஸ்பென்ஷன் கைகள், பெல்ட், டிஃபரன்ஷியல் (வளைவில் இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் தொகுதி), அவற்றைத் தாங்கும் அலுமினியத் தாங்கிகள் ஆகியவற்றை, பெல்ட்டால் சக்கரங்களை இயக்கும் ஒரு பழைய காரிலிருந்து எடுத்துக்கொண்டு, அடித்தட்டையும் மேல்தட்டையும் மட்டும் புதிதாக வடிவமைத்தேன். முன் பின் சக்கரங்களுக்கிடையிலான தூரத்தை 257 மி.மீ. என்றே வைத்துக்கொண்டேன். ஜப்பானின் டாமியா நிறுவனத்தின் டிடி-02 முதல் பல கார்களுக்கும் அதுவே அளவு என்பதால், அந்த அளவுக்காகச் செய்த 190 மி.மீ. அகலமுள்ள பாடிகள் பொருந்தும்.

வளைவில் கார் சாயும்போது நான்கு ஸ்பிரிங்குகளும் அழுந்துவதும் விரிவதும் கண்ணுக்குத் தெரிகிறது. அதே நேரத்தில் சேசிஸின் முன்பகுதி ஒரு பக்கமும் பின்பகுதி மறுபக்கமுமாகச் சற்றே முறுக்கிக்கொள்வது கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்த முறுக்கம் ஐந்தாவது ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. எண்ணெய் நிரம்பிய ஷாக் அப்சார்பர் எதுவும் அதைத் தணிப்பதில்லை. பிடிப்பு குறைந்த தரையில் ஓரளவு முறுக்கம் உதவுகிறது. சுமை ஒரு சக்கரத்தின் மீது திடீரென்று ஏறாமல் மெல்ல ஏறுகிறது. பிடிப்பு மிகுந்த கார்பெட் தளத்திலோ அதே நெகிழ்வு காரை மந்தமாக்கிவிடுகிறது.

தட்டையான ஒரு பட்டையின் முறுக்கு விறைப்பு அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. 2.0 மி.மீ. தட்டுக்குப் பதிலாக 2.25 மி.மீ. தட்டைப் போட்டால் எடை எட்டில் ஒரு பங்கு கூடுகிறது, விறைப்போ கணக்கின்படி ஏறத்தாழ 42 விழுக்காடு கூடுகிறது. தட்டு கார்பன் ஃபைபர் தகட்டால் ஆனது என்பதால், அதைவிடவும் கவனிக்க வேண்டியது உள்ளே இருக்கும் கார்பன் இழைகளின் திசை. நெய்த இழைகள் காரின் நீளத்துக்கும் அகலத்துக்கும் இணையாக மட்டுமே ஓடினால், தட்டு வளைவதை நன்றாக எதிர்க்கும், முறுக்கிக்கொள்வதை அவ்வளவாக எதிர்க்காது. 45 பாகையில் குறுக்காக ஓடும் அடுக்குகளே முறுக்கத்தைத் தாங்குகின்றன. ஆகவே தடிமனை மட்டும் கேட்டுத் தகடு வாங்குவதில் பொருளில்லை. உள்ளே அடுக்குகள் எந்தத் திசையில் இருக்கின்றன என்று விற்பவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

அடுத்தது இடவல எடைச் சமநிலை. இடப்பக்கம் பேட்டரி மட்டும் ஏறத்தாழ 290 கிராம். வலப்பக்கம் மோட்டார் 165 கிராம் அளவில் இருக்கிறது. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கன்ட்ரோலர், ரேடியோ சைகையைப் பெறும் ரிசீவர் ஆகியவற்றைச் சேர்த்தாலும் பேட்டரிக்கு ஈடாகாது. எடையை நடுக்கோட்டிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கி இருபுறமும் கூட்டிப் பார்த்து, பேட்டரியை பெல்ட்டில் உரசாத அளவுக்கு உள்ளே தள்ளி, மோட்டாரைச் சற்று வெளியே நகர்த்தினேன். மிச்ச வேறுபாட்டைச் சிறிய பித்தளைத் துண்டுகள் சரிசெய்தன. பல போட்டி விதிகள் 1350 கிராமை ஒட்டிய குறைந்தபட்ச எடையைக் கேட்பதால், அந்தத் துண்டுகள் வீண் சுமையல்ல.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மேல்தட்டு. அடித்தட்டுக்குச் சற்று உயரத்தில், முன் தாங்கிகளையும் பின் தாங்கிகளையும் இணைக்கும் ஒல்லியான தட்டு அது. சேசிஸ் முறுக்கிக்கொள்ளும்போது மேல்தட்டின் முன்முனை ஒரு பக்கமும் பின்முனை எதிர்ப்பக்கமும் நகர்கின்றன. ஒவ்வொரு முனையையும் நடுவில் ஒரே திருகால் பிடித்திருந்தால், மேல்தட்டு அந்தத் திருகுகளில் சற்றே சுழன்று இடம் கொடுத்துவிடும். இருபுறமும் அகன்று நிற்கும் இரண்டு திருகுகளால் பிடித்தால் அது சுழல முடியாது; தன் தளத்திலேயே பக்கவாட்டில் வளைந்தாக வேண்டும். அந்தத் திசையில் வளைவதற்கான விறைப்பு தட்டின் அகலத்தின் மும்மடியைப் பொறுத்தது என்பதால் மிக அதிகம். பந்தயக்காரர்கள் மேல்தட்டின் ஒரு திருகைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பதன் காரணம் இதுதான். ஆகவே இரண்டு அமைப்புகளுக்கும் துளைகளை முன்கூட்டியே வரைந்துவைத்தேன்.

முறுக்கத்தைக் கணக்கிட்டு வரைந்த தட்டையும் அதன்மேல் ஏற்றும் பொருள்கள் கெடுத்துவிடக்கூடும். பேட்டரியை ஒட்டுநாடாவால் அடித்தட்டோடு இறுக்கினால் இடப்பக்கம் மட்டும் விறைப்பாகி, கார் இடப்புறம் திரும்புவது ஒருவிதமாகவும் வலப்புறம் திரும்புவது வேறுவிதமாகவும் ஆகிறது. முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோவும் அப்படியே. எனவே சர்வோவை நடுக்கோட்டுக்கு அருகில் மட்டும் பிடிக்கும் தாங்கியில் வைத்தேன். பேட்டரி முன்னும் பின்னும் தடுப்புகளுக்கிடையே சிறிது அசைய இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறது.

தகட்டைக் கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரத்தில் வெட்டித் தந்தார்கள். விளிம்புகளை நானே நீர் விட்டுத் தேய்த்து, முகமூடி அணிந்தே வேலை செய்து, பின்னர் மெல்லிய சூப்பர் க்ளூ ஓட்டி அடைத்தேன். கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் வயர்கள் விளிம்பில் உரசாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டத்துக்கு முன் மேசைச் சோதனை. பின்தாங்கிகளை மேசையோடு அசையாமல் பிடித்து, முன்பக்கத்தில் ஒரு குறுக்குச் சட்டம் பொருத்தி, நடுக்கோட்டிலிருந்து 100 மி.மீ. தள்ளி 500 கிராம் எடையைத் தொங்கவிட்டு, அந்த இடத்தின் இறக்கத்தை, நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜால் அளந்தேன். அந்தத் தூரத்தில் 1 மி.மீ. இறக்கம் ஏறத்தாழ 0.57 பாகை முறுக்கத்துக்குச் சமம். பிறகு எடையை மறுபக்கம் மாற்றி அளந்தேன். இரு பக்க அளவுகளும் ஒத்துப்போக வேண்டும் என்பதையே முதல் நிபந்தனையாக வைத்திருந்தேன். விறைப்பு எவ்வளவு என்பது அதற்கு அடுத்ததுதான். 2.0 மி.மீ., 2.25 மி.மீ. தட்டுகள் இரண்டுக்குமான விறைப்பு வேறுபாடு கணக்கு சொன்ன 42 விழுக்காட்டைவிடக் குறைவாகவே இருந்தது. தாங்கிகளும் மோட்டார் பிடிப்பும் முறுக்கத்தில் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. மேல்தட்டின் திருகுகளை மாற்றியபோது டயல் கேஜின் முள் அதைவிடத் தெளிவாக நகர்ந்தது.

தளத்தில் சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்ற ஒழுங்கைக் கடைப்பிடித்தேன். பொழுது ஏற ஏறத் தரை சூடாகும், டயரின் ரப்பர் படிந்து பிடிப்பும் கூடும். காலையில் ஓட்டிய தட்டையும் நண்பகலில் ஓட்டிய தட்டையும் நேரடியாக ஒப்பிட முடியாது. எனவே பழைய அமைப்பு, புதிய அமைப்பு, மீண்டும் பழைய அமைப்பு என்று ஓட்டி, முதல் ஓட்டத்துக்கும் கடைசி ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கழித்த பிறகே முடிவெடுத்தேன். ஒற்றை வேகச் சுற்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. போட்டி ஓட்டம் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் சுற்று நேரங்கள் எவ்வளவு சீராக இருக்கின்றன என்பதே அளவுகோல். 2.0 மி.மீ. தட்டும் ஒற்றைத் திருகு மேல்தட்டும் சேர்ந்தபோது மிக வேகமான சுற்று பெரிதாக மாறவில்லை. ஆனால் சுற்றுகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வு குறைந்தது, வளைவின் நடுவில் பின்பக்கம் வழுக்குவதும் குறைந்தது.

தரையிலிருந்து 5.5 மி.மீ. உயரம், பின்சக்கரங்களுக்கு 3 பாகை டோ-இன் (சக்கரங்களின் முன்விளிம்பு உட்புறம் திரும்பியிருப்பது), நான்கிலும் 2 பாகை கேம்பர் (முன்னிருந்து பார்க்கையில் சக்கரத்தின் சாய்வு) என்ற அமைப்பில் கார் இப்போது ஓடுகிறது. கார்பெட் தளத்துக்காக 7075 என்ற வலிமையான அலுமினியக் கலவையில் இன்னொரு தட்டு வரைந்திருக்கிறேன். ஸ்லோவாக்கியாவின் எக்ஸ்ரே நிறுவனம் ஒரே காருக்குக் கார்பன், அலுமினியம் என இருவகைத் தட்டுகளும் தருவதைப் பார்த்து எழுந்த எண்ணம் இது. அலுமினியம் முறுக்கத்தை மிக வலுவாக எதிர்க்கும். அதன் கூடுதல் எடையும் காரின் அடியிலேயே அமைவதால் ஈர்ப்பு மையம் தாழ்கிறது. பலமாக மோதினால் வளைந்தபடியே நின்றுவிடும் என்பது அதன் குறை. துளைகள் அனைத்தையும் கார்பன் தட்டில் உள்ள அதே இடங்களில் வைத்திருக்கிறேன். மற்ற எதையும் தொடாமல் தட்டை மட்டும் மாற்றி, அதே டயல் கேஜின் கீழ் அளக்கலாம்.