ஒற்றை டிரம்ஸ் காலம்

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ரொக் குழுவின் இரசிகர்களிடம் எந்த ஆண்டுக் கச்சேரிகள் சிறந்தவை என்று கேட்டால் நிறையப் பேர் 1977 என்பார்கள். எனக்கு 1972தான். காரணம் டிரம்ஸ்.

1967இல் மிக்கி ஹார்ட் சேர்ந்த பிறகு அந்தக் குழுவில் இரண்டு டிரம்ஸ். 1971 பெப்ரவரியில் அவர் விலகி, 1974 ஒக்டோபரில்தான் திரும்ப மேடையேறினார். இடையில் பில் குரொய்ட்ஸ்மன் தனியாள். யாழ்ப்பாணத்து இணுவில், அளவெட்டிப் பக்கத்து மேளச்சமா (தவில், நாதஸ்வரக் கச்சேரி) கேட்டு வளர்ந்தவன் நான். இரட்டைத் தவில் என்றால் உயிர். ஆனால் தவிலில் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டிருப்பார், பிறகு பதில் சொல்லுவார், கடைசியில்தான் இருவரும் சேர்ந்து முழங்குவார்கள். டெட்டில் இருவரும் பாட்டு முழுக்க ஒன்றாகவே வாசிக்கிறார்கள். சத்தம் கனக்கிறது, திருப்பங்கள் மெதுவாகின்றன.

1972 ஓகஸ்ட் 27, ஒரிகன் மாநிலத்து வெனீட்டாவில் வாசித்த 'டார்க் ஸ்டார்' என்ற பாட்டு அரை மணித்தியாலத்துக்கு மேல் போகிறது. போகப் போகத் தாளமே கரைந்துவிடும். ஜெரி கார்சியாவின் கிற்றார் கீச்சிடும், ஃபில் லெஷ்ஷின் பேஸ் உறுமும். அந்தக் குழப்பத்தின் அடியிலிருந்து 'எல் பாசோ' என்ற கௌபோய்ப் பாட்டு மூன்றின் கணக்கில் எழும்பி வரும். பொப் வெயர் பாடத் தொடங்கும்போது குரொய்ட்ஸ்மனின் கை திஸ்ரத்துக்குள் இலகுவாக நடக்கும். விறாந்தையில் இருந்து கேட்ட மாமா சொன்னார்: "ஒராள்தானே அடிக்கிறான் தம்பி? அதுதான் நினைச்ச இடத்தில திருப்ப ஏலுது."

1977 மே 8 கோர்னல் பல்கலைக்கழகக் கச்சேரியும் அருமைதான். 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' மெல்ல மெல்ல 'ஃபயர் ஒன் த மவுண்டன்' ஆக மாறும் இடத்தில் இரண்டு டிரம்ஸும் ஒரே ஆள் போல ஓடும். ஆனால் அந்த ஆண்டு முழுவதும் அவர்கள் 'டார்க் ஸ்டார்' ஒரு தடவைகூட வாசிக்கவில்லை. வழி தெரியாத இடத்துக்குப் போகும் துணிச்சல் குறைந்துவிட்டது என்பது என் எண்ணம்.

எண்பதுகளில் எனக்குப் பிடித்தது பிரென்ட் மிட்லண்டின் ஓர்கன் மட்டும். 1990 மார்ச் 29, பிரான்ஃபர்ட் மார்சாலிஸ் சாக்சபோனோடு வந்து சேர்ந்த இரவை விட்டுவிட முடியாது. அன்று பழைய துணிச்சல் திரும்பியிருந்தது. நாலு மாதத்தில் பிரென்ட் இறந்துபோனார்.

புதிதாகக் கேட்கிறவர்கள் கோர்னலில் தொடங்கலாம். குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கன்ரர் பதிவு செய்தது, ஒலி அவ்வளவு சுத்தம். பிறகு வெனீட்டா. சரி, 'டார்க் ஸ்டார்' தொடங்கினால் 'எல் பாசோ' முடியும் வரை நிறுத்த வேண்டாம்.