தாதுவண்டி போன வழியில் சைக்கிள்: போஹும் முதல் கெல்சென்கிர்ஹன் வரை

ஜெர்மனியின் ரூர் பகுதியில் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. தண்டவாளங்களைப் பெயர்த்த தடங்களில் இப்போது சைக்கிள் ஓடுகிறது. அவற்றில் முதலில் ஓட்டவேண்டியது எர்ட்ஸ்பான். கால்வாய்த் துறைமுகத்திலிருந்து போஹும் நகர இரும்பாலைக்குத் தாது ஏற்றிவந்த பாதை இது. நீளம் சுமார் 9 கிலோமீட்டர். கனத்த சரக்கு ரயிலுக்காகப் போட்டதால் ஏற்றம் கண்ணுக்கே தெரியாது. கரைமேல் உயர்ந்து போவதால் சாலைகளெல்லாம் பாலத்துக்கு அடியில் ஓடிவிடும்.

தரை, தார் இல்லாமல் பொடிக்கல்லைத் தண்ணீர் விட்டு உருட்டி இறுக்கியது. காய்ந்திருந்தால் 35 மி.மீ. அகல டயர் தாராளம், 40 இருந்தால் கை வலிக்காது. 75 கிலோ ஆளுக்கு 40 மி.மீ. டயரில் 2.5 பார் (bar) காற்றழுத்தத்தில் தொடங்கிப் பாருங்கள். டியூப் போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள், இல்லாவிட்டால் கல்விளிம்பில் மோதி டியூப் நசுங்கிப் பஞ்சராகும்.

மழைதான் தொல்லை. நனைந்த கல்மாவு செயின் எண்ணெயோடு குழைந்து உப்புத்தாள் மாதிரி செயினை அரைக்கும், பிரேக் கட்டையையும் தின்னும். மட்கார்டு கட்டாயம். வீடு திரும்பியதும் மெல்லிய தாரையாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து, பிறகே எண்ணெய். சேறு காயும்முன் செய்தால் பாதி வேலைதான்.

தடம் தொடங்கும் இடமான போஹும் நகரின் வெஸ்ட்பார்க் பூங்காவில் எஸ் வடிவத் தொங்குபாலம் ஒன்று உண்டு. அங்கே நடப்பவர்கள் அதிகம், மணி அடித்து மெதுவாகப் போங்கள். உள்ளூர் ரயிலில் திரும்புவதானால் சைக்கிளுக்குத் தனிச் சீட்டு எடுக்க வேண்டும்.