ஐந்தாவது தாளில் இருட்டிப்போன குதிரைகள்

ஞாயிற்றுக்கிழமை கல்லச்சில் (கல்லில் கொழுப்புக் கிரேயானால் வரைந்து, கல்லை ஈரமாக்கி மை உருட்டி அச்சடிப்பது; ஈரமான இடத்தில் மை ஒட்டாது) நான்கு தாள் அருமையாக வந்தது. ஐந்தாவதில் குதிரையும் பின்னால் இருந்த இருட்டும் ஒரே கறுப்பு. அதே கல்லில், அதே இடத்தில், மூன்றாவது தடவை.

பழகுவதற்காக நான் கல்லச்சில் பார்த்து வரைவது பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோவின் 'அடெல்ஃபி படகுத்துறை நுழைவாயில்'. 1821ல் லண்டனில் ஹல்மண்டெல் என்ற அச்சகர் அச்சடித்த தொடரில் ஒன்று. தேம்ஸ் கரையில் கட்டடக் கலைஞர்களான ஆடம் சகோதரர்கள் எழுப்பிய வீடுகளுக்கு அடியில் வளைவுகள். அந்த இருட்டுக்குள் பாரம் இழுக்கும் குதிரைகள் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நுழைகின்றன. அதே வருஷம் ஓர் ஓவியத்தில் எப்சம் பந்தயக் குதிரைகளை நான்கு காலும் தரையில் படாமல் பறக்கவிட்ட மனுஷன், இங்கே ஒவ்வொரு குளம்பையும் தரையில் ஊன்றியிருக்கிறார். முகம் தெரியாமலே அலுப்பு தெரிகிறது.

எனக்குத் தலைவலி அந்த வளைவுதான். கறுப்பாக வேண்டும், ஆனால் கல்லின் மணிமணியான பரப்பில் ஊசிமுனை வெள்ளைகள் மிஞ்சவும் வேண்டும். முதல் இரண்டு தடவை மிருதுவான 1ஆம் எண் கிரேயானை அழுத்தித் தேய்த்தேன். கேட்டது கெட்டியான 5, கடைக்காரர் அனுப்பியது 1. திருப்பி அனுப்பப் பொறுமையில்லை. மெழுகு குழிகளை அடைத்துவிட்டது. இந்த முறை 5 கிடைத்தது. நுனியைச் சீவிச் சீவி, கை எடையே விழாமல், ஒன்றன்மேல் ஒன்றாக எட்டுப் பூச்சு. உள்ளங்கையளவு இடத்துக்கு மூன்று மணி நேரம்! அப்புறம், வரையாத இடம் மையைத் தள்ளுவதற்காகப் பூசும் கலவை: வளைவுக்கு மட்டும் 30 மி.லி. கோந்துக்கு 12 சொட்டு நைட்ரிக் அமிலம், குதிரைப் பிட்டத்துக்கு 4 சொட்டு. பிட்டத்தில் அந்தப் பளபளப்பு அப்படியே நின்றது. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகும் ஏன் அடைந்தது? மை. சித்திரை வெயிலில் பலகைமேல் தேன் மாதிரி இளகி ஓடியது. போதாததற்கு மேலே மின்விசிறி. ஈரத்துணியால் துடைத்துவிட்டு உருளையை எடுப்பதற்குள் ஓரம் காய்ந்துவிடுகிறது. காய்ந்த இடத்தில் மை ஒட்டாமல் இருக்குமா? இனி விசிறி கிடையாது, மையில் மெக்னீசியம் கார்பனேட் கலந்து கெட்டியாக்கிக்கொண்டு, அதிகாலையில்தான் அச்சு.

கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூடிய ஓர் அச்சகத்தில் வாங்கியது, 22 கிலோ, மாடிக்கு ஏற்றியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மறுபக்கத்தில் பழைய தீப்பெட்டி லேபிள் ஒன்றின் நிழல் இன்னும் இருக்கிறது. அதைத் தேய்க்க மனம் வரவில்லை. ஆனால் ஜெரிக்கோவின் அதே தொடரில் லாடம் அடிக்கும் காட்சிகளும் உண்டு. அவற்றை வரைய அந்தப் பக்கம்தான் வேண்டும்.

சரி, கல்லை டர்பன்டைனில் கழுவி, கெட்டி மையில் உருட்டி, மறுபடி அமிலம் காட்டி, கோந்து பூசி வைத்திருக்கிறேன். வளைவின் இடது மூலையில் வெள்ளைப் புள்ளிகள் திரும்பத் தெரிகின்றன. வலது மூலை இன்னும் தார்தான்.