மோக் பாய் எல்லைக்கு அப்பால்: வியட்நாமிலிருந்து கம்போடியாவுக்கு

ஹோ சி மின் நகரிலிருந்து நோம் பென்னுக்குப் பேருந்தில் செல்பவர்கள் மோக் பாயில் வியட்நாமை விட்டு, சில நூறு மீட்டர் தள்ளி பாவெட்டில் கம்போடியாவுக்குள் நுழைகிறார்கள். இருபுறமும் ஒரே சமவெளி, ஒரே நெல், ஒரே மழை. பாவெட்டில் முதலில் கண்ணில் படுபவை சூதாட்ட விடுதிகள். அவற்றைத் தாண்டியதும் ஆடைத் தொழிற்சாலைகள் தொடங்குகின்றன. வேலை முடிந்த இளம்பெண்கள் திறந்த லாரிகளில் நின்றபடி, ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

நிலமும் மழையும் ஒன்றானாலும், பள்ளிக் கல்வியில் இரு நாடுகளும் வெகுதூரம் விலகி நிற்கின்றன. 15 வயது மாணவர்களுக்காகப் பல நாடுகளில் நடத்தப்படும் பீசா தேர்வில், 2022-இல் வியட்நாம் கணிதத்தில் 469 புள்ளிகளும் கம்போடியா 336 புள்ளிகளும் பெற்றன. உண்மையான இடைவெளி இதைவிடப் பெரியது என்றே சொல்ல வேண்டும். கம்போடியாவில் அந்த வயதினரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தேர்வின் வரம்புக்குள் வந்தார்கள். மற்றவர்கள் பள்ளியை விட்டு விலகியிருந்தார்கள் அல்லது கீழ்வகுப்புகளில் தங்கியிருந்தார்கள். வியட்நாமில் அந்தப் பங்கு மூன்றில் இரண்டு. வியட்நாமின் தலா வருமானத்தில் கம்போடியாவினுடையது சுமார் பாதி என்பதால் வறுமையையே காரணமாகக் காட்டத் தோன்றும். ஆனால் இவ்விரு நாடுகளையும்விட வசதியான தாய்லாந்து அதே தேர்வில் கணிதத்துக்கு 394 புள்ளிகள்தான் எடுத்தது. பணம் மட்டுமே விளக்கமாக இருக்க முடியாது.

வியட்நாமியர் வழிவழியாகப் படிப்பை மதிப்பவர்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் இன்னொரு காரணம். கன்பூசியஸுக்காக ஹனோயில் 1070-இல் எழுந்த இலக்கியக் கோயிலையும், அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க 1919 வரை நடந்த அரசுத் தேர்வுகளையும் அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கு இதில் பெரிய உடன்பாடு இல்லை. நம் பல்லவ எழுத்திலிருந்து கிளைத்த எழுத்தில் கி.பி. 611-லேயே கெமர் மொழிக் கல்வெட்டைப் பொறித்த நாடு கம்போடியா. அதன் விகாரைகளில் தலைமுறை தலைமுறையாகச் சிறுவர்கள் எழுத்துக் கற்றார்கள். பிரான்சிடமிருந்து விடுதலை பெற்ற பிறகு, நாட்டை ஆண்ட சிஹானூக்கின் காலத்தில், பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் வேகமாகப் பெருகின.

அந்த வளர்ச்சி எப்படி அறுந்தது என்பதை நோம் பென்னின் துவோல் ஸ்லெங்கில் கண்ணால் காணலாம். அது உயர்நிலைப் பள்ளியாக இருந்த இடம். போல் பாட் தலைமையில் ஆட்சியைப் பிடித்த கம்யூனிஸ்ட் இயக்கமான கெமர் ரூஜ் அதைச் சிறையாக்கியது. வகுப்பறைக்குள் செங்கல்லை அவசரமாக அடுக்கி, ஒரு மனிதர் கால் நீட்டவும் இடம் போதாத அறைகளைக் கட்டியிருக்கிறார்கள். காவலர்கள் நடந்து செல்வதற்காக ஒரு வகுப்பறைக்கும் அடுத்ததற்கும் இடையிலான சுவரை உடைத்து வழி செய்திருக்கிறார்கள். மாணவர்கள் உடற்பயிற்சி செய்த மரச்சட்டம் சித்திரவதைக் கருவியாகி, இன்னும் முற்றத்தில் நிற்கிறது. 1975 ஏப்ரல் 17 முதல் 1979 ஜனவரி 7 வரை நாட்டில் முறையான பள்ளி இல்லை, பணம் இல்லை, நகர வாழ்க்கை இல்லை. ஆசிரியர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள், பட்டினியிலும் நோயிலும் மாண்டார்கள், அல்லது நாட்டை விட்டு ஓடினார்கள்.

வியட்நாமும் போரில் எரிந்த நாடுதான். ஆனால் 1945-இல் தொடங்கிய எழுத்தறிவு இயக்கம் அங்கே அறுபடவில்லை. வடக்கில் குண்டு விழுந்த ஆண்டுகளில்கூடப் பள்ளிகளைக் கிராமங்களுக்கு மாற்றி, பதுங்குகுழிகளின் பக்கத்தில் வகுப்பு நடத்தினார்கள். கம்போடியா இழந்தது கட்டடங்களை மட்டுமல்ல, ஆசிரியர்களை உருவாக்கக்கூடிய ஆசிரியர்களையும். 1979-க்குப் பிறகு, எழுதப் படிக்கத் தெரிந்தவர்களையெல்லாம் அழைத்து வகுப்பில் நிறுத்த வேண்டியிருந்தது. கெமர் ரூஜை வீழ்த்தியது வியட்நாம் படை என்ற காரணத்தால், மேற்கு நாடுகளும் சீனாவும் புதிய அரசை ஒதுக்கிவைத்து, ஐ.நா. இருக்கையைக் கெமர் ரூஜ் தரப்பிடமே விட்டுவைத்தன. வளர்ச்சி உதவியும் பல ஆண்டுகள் தடைபட்டது. இந்த அநியாயத்தைப் பற்றி நாம் மிகக் குறைவாகவே பேசுகிறோம்.

நோம் பென்னில் நான் தங்கிய விடுதியில் ஓர் இளம் பள்ளி ஆசிரியரைச் சந்தித்தேன். 2014-இல் பள்ளி இறுதித் தேர்வில் காப்பியடிப்பதை அரசு கடுமையாகத் தடுத்தபோது, முந்தைய ஆண்டு 87 விழுக்காடாக இருந்த தேர்ச்சி ஏறத்தாழ 26 விழுக்காட்டுக்கு விழுந்தது. அந்த ஆண்டை அவர் பெருமையுடன் நினைவுகூர்ந்தார்; முதல் முறையாக எங்கள் நிலை என்னவென்று எங்களுக்கே தெரிந்தது என்றார். சம்பளம் போதாத காலத்தில் தன் ஆசிரியர்கள் கூடுதல் வகுப்புக்காக மாணவர்களிடம் தினமும் சில்லறை வாங்கியதையும், இப்போது சம்பளம் உயர்ந்திருப்பதையும் மறைக்காமல் சொன்னார். அவர் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் காலையிலும் மீதிப் பேர் பிற்பகலிலும் படிக்கிறார்கள். முழுநாள் பள்ளியாக மாற்றக் கட்டடம்தான் தடையா என்று கேட்டேன். கட்டடத்தை எந்த நாடாவது கட்டித் தந்துவிடும், கணிதம் நடத்தத் தெரிந்த இன்னும் நான்கு பேர்தான் வேண்டும் என்றார்.